எண்களோடு வராத குறிப்புகள்

மலேசிய அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில், பொதுப் போக்குவரத்தில் நாள்தோறும் எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள் என்று காட்டும் அட்டவணை ஒன்று இருக்கிறது. 2019 ஜனவரி முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு பேருந்துச் சேவைக்கும் ஒவ்வோர் இரயில் தடத்துக்கும் ஒரு நெடுவரிசை. விண்ணப்பம் எழுத வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதில் புத்ராஜெயா எம்.ஆர்.டி. தடத்துக்குரிய நெடுவரிசையில் 2022 ஜூன் 16ஆம் நாளுக்கு முந்திய கட்டங்கள் வெறுமையாக இருக்கும். அன்றுதான் அந்தத் தடம் ஓடத் தொடங்கியது என்பதை அறிந்த கோலாலம்பூர்க்காரர் அந்த வெறுமையைக் கண்டு திகைக்கமாட்டார். ஆனால் வெற்றுக் கட்டங்களைச் சுழியத்தால் நிரப்பிவிடுவது, செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சித் தரவு தயாரிப்பவர்கள் பெரும்பாலும் யோசிக்காமலேயே செய்யும் முதல் வேலை. அந்த ஒரு கட்டளையில் அத்தனையும் சுழியமாகிவிடும். பிறகு அந்தத் தரவை நம்பிப் பதில் சொல்லும் செயலி, 2021இல் புத்ராஜெயா தடத்தில் ஒருவர்கூடப் பயணம் செய்யவில்லை என்றும், மறு ஆண்டில் மக்களின் ஆர்வம் திடீரெனப் பெருகியது என்றும் சற்றும் தயங்காமல் எழுதும். ஓடாத இரயிலில் யார் ஏறுவார்கள்?

அதே அட்டவணையில் 2020 மார்ச் 18க்குப் பிறகு எல்லா எண்களும் சரிந்து கிடக்கும். கோவிட் காலத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை வீட்டுக்குள் அடைந்து கிடந்து கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டின் பேருந்துத் தேவையை முன்கணிக்கப் பயிற்சி பெறும் ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரிக்கோ, அது மார்ச் மாதத்தின் இயல்பா, பேருந்துச் சேவையின் குறையா, நாடே நின்றுபோன நாளா என்று தெரிய வழியில்லை. பினாங்குப் பேருந்துகளின் நெடுவரிசைக்கு இட்டிருக்கும் பெயர், 'பஸ்' என்ற சொல்லும் ஓர் அடிக்கோடும் 'ஆர்.பி.என்.' என்ற மூன்றெழுத்தும் சேர்ந்தது; அது ரெப்பிட் பினாங்கைக் குறிக்கிறது என்பது விளக்கப் பக்கத்தைப் படித்தவர்களுக்கு மட்டுமே உறுதியாகத் தெரியும். அந்த விளக்கப் பக்கம் தளத்தில் இருக்கிறது, நன்றாகவே எழுதப்பட்டும் இருக்கிறது. ஆனால் இறக்கிக்கொள்ளும் கோப்புக்குள் அது வருவதில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றியது.

நான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரவுப் பகுப்பாய்வு செய்து பிழைப்பவன். வார இறுதிகளில் பட்டர்வொர்த், பிறை வட்டார இளைஞர்கள் சிலரோடு சேர்ந்து, தமிழில் கேள்வி கேட்டால் அரசாங்கத் தரவிலிருந்து பதில் எடுத்துத் தரும் சிறிய செயலி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கோழி விலை, பேருந்து நேரம், ஆற்றின் நீர்மட்டம், பள்ளி விவரம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடிய கேள்விகள்தாம் எங்களுக்கு இலக்கு. இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் 'திறந்த' என்ற சொல் எத்தனை படிகளை மறைத்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெளிவாயிற்று.

முதலில் நன்றி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீட்டு எண்கள் பல ஆண்டுகள் பொதுமக்களின் பார்வைக்கு வராமல் பூட்டிக் கிடந்தன. 2005 ஆகஸ்டில் சுமாத்திராக் காட்டுத்தீயின் புகைமூட்டம் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்கு மோசமான பிறகுதான் அவற்றை வெளியிட அரசாங்கம் முடிவு செய்தது. அங்கிருந்து, 2021 ஜூலையில் சுகாதார அமைச்சு கோவிட் தொற்று விவரங்களை, நிரல்களையும் கோப்புகளையும் பகிரும் கிட்ஹப் தளத்தில் நாள்தோறும் கோப்புகளாக ஏற்றத் தொடங்கியது வரை நாம் கடந்து வந்த தூரம் சிறியதன்று. அடுத்த ஆண்டே புள்ளிவிவரத் துறையின் 'ஓப்பன்டோசம்' தளம் வந்தது. இன்று தேசியத் தளத்தில் கிடைக்கும் தரவுகளில் பெரும்பகுதி கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பு 4.0 உரிமத்தின் கீழ், சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெற்று எழுத்து அட்டவணை), பார்க்கே என்ற இரு கோப்பு வடிவங்களில் கிடைக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். நான் குறை சொல்லப்போவது இவ்வளவையும் செய்தவர்களை அல்ல. அவர்கள் செய்துவைத்ததால்தான் அடுத்த குறை என்ன என்று பார்க்க முடிகிறது.

அந்த அடுத்த குறை என்னவென்று புரிந்துகொள்ள, சாட்போட்டுகளை இயக்கும் மொழி மாதிரி ஒன்று அட்டவணையை எப்படிக் கையாள்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோடிக்கணக்கான எண்களைப் பயிற்சியின்போது அதற்கு ஊட்டினாலும் அது அவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொண்டதுபோல் பேசினாலும் நம்ப முடியாது. நடைமுறையில் உருப்படியாகச் செயல்படும் முறை வேறு. கேள்வி வந்தவுடன் மாதிரி எந்தக் கோப்பு பொருத்தமானது என்று தேடுகிறது, அதன் விளக்கத்தைப் படிக்கிறது, பிறகு அந்தக் கோப்பிலிருந்து வேண்டிய எண்ணை எடுக்க ஒரு சிறு நிரலை எழுதி ஓட்டுகிறது. கணக்கை நிரல் போடுகிறது. எந்த வரியை எடுப்பது, எதைக் கூட்டுவது, எதை விடுவது என்ற முடிவை மாதிரி எடுக்கிறது. அந்த முடிவுக்கு அதனிடம் இருக்கும் ஒரே ஆதாரம் கோப்பின் பெயர், நெடுவரிசையின் பெயர், கூடவே வரும் விளக்கம் ஆகியவைதாம். ஆகவே, எண்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், விளக்கம் தவறினால் பதிலும் தவறும்.

மக்கள்தொகை அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலம், ஆண்டு, பால், வயது, இனம் என்று பிரித்துத் தரும் அருமையான அட்டவணை அது. ஆனால் அதில் ஆண், பெண் என்ற வரிகளோடு இரு பாலருக்கும் சேர்த்த வரியும் இருக்கிறது. வயதுப் பிரிவுகளோடு எல்லா வயதினருக்கும் சேர்த்த வரியும், இனங்களோடு எல்லா இனத்தவருக்கும் சேர்த்த வரியும் உண்டு. மனிதக் கண் பார்க்கும் பலகைக்கு இது வசதி. நிரலுக்கோ பொறி. ஒரு மாநிலத்தின் ஓர் ஆண்டுக்குரிய வரிகளை எல்லாம் எடுத்து மக்கள்தொகை நெடுவரிசையைக் கூட்டினால், பாலில் இரு மடங்கு, வயதில் இரு மடங்கு, இனத்தில் இரு மடங்கு என்று உண்மை எண் ஏறத்தாழ எட்டு மடங்காகப் பெருகிவிடும். இதோடு முடியவில்லை; அந்த நெடுவரிசையின் அலகு ஆயிரம். 2020 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை 3 கோடியே 24 லட்சம் என்றால், கோப்பில் 32 ஆயிரத்துச் சொச்சம் என்றுதான் தெரியும். விளக்கத்தைப் படிக்காமல் பதில் சொல்லும் மாதிரி, மலேசியாவை ஒரு சிறு பட்டணமாக்கிவிட்டு மரியாதையாக வணக்கமும் சொல்லும்.

எரிபொருள் விலைக் கோப்பில் இதைவிட நுட்பமான ஒரு சிக்கல் இருக்கிறது. வாரந்தோறும் அறிவிக்கப்படும் ரோன்95, ரோன்97, டீசல் விலைகள் அதில் உள்ளன. ஆனால் ஒரே நெடுவரிசையில் விலை அளவும், முந்திய வாரத்திலிருந்து எவ்வளவு மாறியது என்ற வேறுபாடும் தனித்தனி வரிகளாக வருகின்றன. எது எது என்பதை இன்னொரு நெடுவரிசை சொல்கிறது. அதைப் பார்க்காமல் சராசரி எடுத்தால் பெட்ரோல் விலை பாதியாகிவிடும். இது கோப்பு அமைத்தவர்களின் கவனக்குறைவு அன்று. வரைபடம் வரைய அந்த அமைப்புத்தான் எளிது. தரவை யார் எதற்காகப் படிப்பார்கள் என்று எண்ணி அமைத்தார்களோ அந்த நோக்கம் அதில் பதிந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்று ஒரு வலைப்பலகைக்காக எடுத்த முடிவையும் இன்று ஓர் இயந்திரம் படிக்க வேண்டியிருக்கிறது.

விலைக்குப் பின்னால் கொள்கையும் இருக்கிறது. 2024 ஜூன் 10 முதல் தீபகற்பத்தில் டீசலின் மானிய விலை நீக்கப்பட்டு, லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட் ஆனது. சபா, சரவாக், லாபுவானில் பழைய விலையே தொடர்ந்தது. 2025 செப்டம்பர் 30 முதல் ரோன்95 பெட்ரோலுக்குத் தகுதியுள்ள குடிமக்கள் தங்கள் அடையாள அட்டையைக் காட்டி 1.99 ரிங்கிட் கட்டத் தொடங்கினார்கள், மற்றவர்களுக்கு மானியமற்ற விலை. 'பெட்ரோல் என்ன விலை?' என்று என் அம்மா கேட்டால் அவருக்கு வேண்டிய பதில் ஒன்று. பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு வேண்டிய பதில் இன்னொன்று. கொள்கை மாறும் நாளில் நெடுவரிசையின் பொருளும் மாறுகிறது. பொருள் மாறிய தேதியைக் கோப்போடு எழுதி வைக்காவிட்டால், எந்த மாதிரியும் அதை ஊகித்துத்தான் சொல்ல வேண்டும்.

புள்ளிவிவர வேலையில் பல்லாண்டு இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் குழுவுக்கு அவ்வப்போது வந்து உதவுகிறார். ஒருமுறை ஒரு பழைய அட்டவணையில் ஒரு மாவட்டத்தின் எண் மட்டும் ஓர் ஆண்டில் விழுந்து மறு ஆண்டில் எழுந்ததைக் காட்டி, "இது ஏன் ஐயா இப்படி?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "அந்த வருசம் ஒரு அலுவலகத்திலிருந்து ஃபாரம் பிந்தி வந்தது தம்பி. அடிக்குறிப்பு போட்டிருந்தோமே, பார்க்கலையா?" என்றார். அடிக்குறிப்பு அச்சுப் புத்தகத்தில் இருந்தது. அட்டவணையைக் கணினிக்கு ஏற்றியபோது எண்கள் மட்டும் ஏறின.

இப்படிப்பட்ட அறிவு எத்தனை அதிகாரிகளின் நினைவில் மட்டும் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். அச்சுப் புத்தகக் காலத்தில் ஒரு நெறி இருந்தது: எண்ணுக்கு ஒரு வரையறை, வரையறைக்கு ஒரு விதிவிலக்கு, விதிவிலக்குக்கு ஓர் அடிக்குறிப்பு. வாசகரும் முன்னுரையிலிருந்து பின்னிணைப்பு வரை புரட்டுவார். பிடிஎஃப்பாக வெளியிட்டபோது அந்தக் குறிப்புகளாவது அதே பக்கத்தில் இருந்தன. எண்களைத்தான் பிரித்தெடுக்க முடியவில்லை, இணைந்த கட்டங்களும் இரண்டடுக்குத் தலைப்புகளும் கணினியைக் குழப்பின. சிஎஸ்விக்கு மாறியபோது எண்கள் தெளிவாகிக் குறிப்புகள் உதிர்ந்தன. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2010இல் முன்வைத்த ஐந்து நட்சத்திர அளவுகோலில் பிடிஎஃப்புக்கு ஒரு நட்சத்திரமும் சிஎஸ்விக்கு மூன்று நட்சத்திரமும் கிடைக்கும். மூன்றிலிருந்து ஐந்துக்குப் போகும் படிகள், ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான அடையாளம் கொடுத்து ஒரு தரவை இன்னொன்றோடு இணைப்பதைப் பற்றியவை. அந்தப் படிகளைப் பெரும்பாலான நாடுகள் ஏறவே இல்லை. தேவை இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இப்போது தேவை வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க வணிகத் துறை, ஆக்கச் செயற்கை நுண்ணறிவுக்கும் திறந்த தரவுக்கும் உரிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. இயந்திரம் படிக்கும் வடிவம் மட்டும் போதாது, இயந்திரம் பொருள்கொள்ளும்படி விளக்கமும் வேண்டும் என்பதே அதன் மையக் கருத்து. பயிற்சித் தரவுகளை விவரிக்கவென்றே எம்எல்காமன்ஸ் அமைப்பு 2024இல் 'குரோசான்' என்ற விவரிப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது. அது ஒரு பிரெஞ்சு ரொட்டியின் பெயர்; கேட்டதும் எங்கள் குழுவில் எல்லாருக்கும் பசித்தது என்பது வேறு விஷயம்.

வடிவத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. ஓர் எடுத்துக்காட்டு போதும். சுங்கைப்பட்டாணியின் அஞ்சல் குறியீடு 08000. சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்து சேமித்தவுடன் அது 8000 ஆகிவிடும், ஏனெனில் சிஎஸ்வியில் இது எண், இது எழுத்து என்ற பாகுபாடு எங்கும் எழுதப்படுவதில்லை. அப்புறம் கெடாவும் பெர்லிசும் வரைபடத்தில் காணாமல் போகும். பார்க்கே வடிவம் இந்தப் பாகுபாட்டைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. தேசியத் தளம் அதையும் சேர்த்தே வெளியிடுவது நல்ல செயல்.

இனி, தமிழர்களாகிய நம்மைத் தொடும் இடத்துக்கு வருகிறேன். மக்கள்தொகை அட்டவணையில் இன நெடுவரிசையின் மதிப்புகள் மலாய்க்காரர், பிற பூமிபுத்ரா, சீனர், இந்தியர், மற்றவர் என்ற அளவில் நிற்கின்றன. 2020 கணக்கெடுப்பில் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. 'பினாங்கில் எத்தனை தமிழர்கள் இருக்கிறார்கள்?' என்று சாட்போட்டுகளிடம் கேட்டுப் பாருங்கள். பல நேரங்களில் அவை இந்தியர் எண்ணை எடுத்துத் தமிழர் எண்ணாகச் சொல்லிவிடும். அந்த எண்ணுக்குள் தெலுங்கர், மலையாளி, பஞ்சாபியர் எல்லாரும் இருக்கிறார்கள். பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலோ, ஒரு கிளை இந்தியர் என்றும் மற்றொரு கிளை மலாய்க்காரர் என்றும் பதிவாகியிருப்பதை இங்கே வாழ்பவர்கள் எல்லாரும் அறிவார்கள். ஆங்கிலேயர் காலத்துக் கணக்கெடுப்புகளில் தமிழர், தெலுங்கர், மலையாளி என்று தனித்தனியே எண்ணினார்கள். அந்தப் பிரிவினையை நான் திரும்பக் கேட்கவில்லை. நான் கேட்பது இதுதான்: 'இந்த நெடுவரிசையிலிருந்து மொழிவாரி எண்ணிக்கையைப் பெற முடியாது' என்ற ஒரு வாக்கியம் அந்தக் கோப்பின் விளக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு தரவால் எதைச் சொல்ல முடியாது என்பதை அந்தத் தரவே சொல்லிவிட்டால், அதைப் படிக்கும் மாதிரியும் 'தெரியாது' என்று சொல்ல ஒரு வாய்ப்பு உண்டாகும். இப்போது இருக்கும் நிலையில், வாய்ப்பே இல்லாத இடத்தில் அதனிடம் அடக்கத்தை எதிர்பார்க்கிறோம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 'இன்னும் நுணுக்கமாக வெளியிடுங்கள்' என்று குரல் கொடுக்கும்போது எனக்கு ஓர் அச்சம் வருகிறது. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது, தமிழ்ப்பள்ளிகளில் ஏராளமானவை அந்த வகையில் அடங்கும். சிலவற்றில் ஒரு வகுப்பில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பிள்ளைகள். அத்தகைய பள்ளியின் தேர்ச்சி விவரத்தை வகுப்புவாரியாகவும், உதவித்தொகை விவரத்தைக் குடும்ப வருமானவாரியாகவும் தனித்தனியே வெளியிட்டால், இரண்டையும் இணைத்துப் பார்க்கும் எவருக்கும் அது எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். முன்பு இப்படி இணைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இணைப்பதையே தொழிலாகக் கொண்ட நிரல்கள் வந்த பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. அதோடு, 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சிறிய சமூகங்களைப் பொறுத்தவரை நுணுக்கம் ஓர் உரிமையாகவும் ஆபத்தாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. குறைந்த எண்ணிக்கைக் கட்டங்களை மறைத்து, மறைத்திருக்கிறோம் என்று வெளிப்படையாகக் குறியிட்டு வெளியிடுவதே இப்போதைக்கு எனக்குத் தெரிந்த நேர்மையான வழி. மறைத்த கட்டத்தை வெறுமையாக விட்டால், மேலே சொன்ன சுழியக் கதை இங்கும் நடக்கும். இம்முறை ஒரு பள்ளியின் ஏழைப் பிள்ளைகள் கணக்கிலிருந்தே மறைந்துபோவார்கள்.

பள்ளிப் பட்டியலைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஒரே தமிழ்ப்பள்ளியின் பெயர் ஓர் ஆவணத்தில் சுருக்கமாகவும், இன்னொன்றில் பிறைக்குறியோடும், வேறொன்றில் முழுப்பெயராகவும் இருக்கும். பெயரில் 'லாடாங்' (மலாயில் தோட்டம்) என்ற சொல் இருக்கும், ஆனால் தோட்டம் விற்கப்பட்டு, பள்ளி நகர ஓரத்துத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) இடம்பெயர்ந்து பல்லாண்டு ஆகியிருக்கும். இடப்பெயரை வைத்து ஆள்கூறுகளைத் தேடும் நிரல் பிள்ளைகளைச் செம்பனைக் காட்டுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். இதற்கு மருந்து ஏற்கெனவே கைவசம் இருக்கிறது: ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட குறியீடு ஒன்றை அமைச்சு கொடுத்திருக்கிறது. பள்ளி சம்பந்தப்பட்ட எல்லாக் கோப்பிலும் அந்தக் குறியீட்டைக் கட்டாயமாக்கிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். மாவட்டப் பெயர்களுக்கும் இதே நிலைதான். செபராங் பிறை உத்தாரா ஒரு கோப்பில் முழுப்பெயராகவும் இன்னொரு கோப்பில் மூன்றெழுத்தாகவும் வருகிறது. மாநிலத்தின் பெயரே பினாங்கு என்றும் பூலாவ் பினாங் என்றும் மாறுகிறது. மனிதர்களுக்கு இவை அற்பம். இரண்டு கோப்புகளை இணைக்கும் நிரலுக்கு இவை வெவ்வேறு ஊர்கள்.

இதை ஓரளவுக்கு நன்றாகச் செய்திருக்கும் தரவு எது என்று கேட்டால், உள்நாட்டு வாணிப அமைச்சின் 'பிரைஸ்கேட்சர்' விலைப் பதிவுகளைச் சொல்வேன். ஒவ்வொரு பதிவிலும் தேதி, கடைக் குறியீடு, பொருள் குறியீடு, விலை என்ற நான்கே நெடுவரிசைகள். கடையின் பெயரும் முகவரியும், பொருளின் பெயரும் அலகும் தனித்தனி விளக்கக் கோப்புகளில். குறியீட்டை வைத்து இணைத்தால் எந்தக் கடையில் எந்த நாளில் கோழி கிலோ என்ன விலை என்று வந்துவிடும். எங்கள் செயலி உருப்படியாகப் பதில் சொல்லும் முதல் துறை இதுதான். ஆனாலும், பயனாளர் 'பட்டர்வொர்த்தில் எங்கே கோழி மலிவு?' என்று கேட்டால் அதற்கு நேர்மையான பதில், 'அமைச்சின் அதிகாரிகள் விலை எடுத்த கடைகளுக்குள் இங்கே மலிவு' என்பதாகத்தான் இருக்க முடியும். பாசாரில் ஓரமாக வெட்டி விற்கும் கடைக்காரர் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். 2023 நவம்பர் 1 அன்று கோழிக்கான மானியமும் விலைக் கட்டுப்பாடும் முடிவுக்கு வந்தன. அதற்கு முந்திய விலைகள் சந்தை விலைகள் அல்ல, உச்சவரம்பை ஒட்டி நின்ற விலைகள். இரண்டு காலத்தையும் ஒரே கோட்டில் வரைந்து 'கோழி விலையின் போக்கு' என்று தலைப்பிடும் மாதிரிக்கு இந்த ஒரு தேதியைச் சொல்லிக்கொடுப்பது யார்?

உடனடித் தரவுகளில் பிழையின் விலை கூடுதல். பேருந்து எங்கே வருகிறது என்ற இருப்பிடத் தரவு உலகெங்கும் வழங்கும் ஜிடிஎஃப்எஸ் வடிவத்தில் தேசியத் தளத்தின் வழியே கிடைக்கிறது, ரெப்பிட் பினாங்கும் அதில் உண்டு. கால அட்டவணைக் கோப்புகளில் விடுமுறை, சிறப்பு நாள் மாற்றங்களுக்கென்றே தனிக் கோப்பு ஒன்றை அந்த வடிவம் வைத்திருக்கிறது. தைப்பூசம் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். இரத ஊர்வலத்துக்காகச் சாலைகள் அடைக்கப்படும். அந்த மாற்றத்தை யாராவது கோப்பில் பதிந்தால்தான், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக வழி கேட்கும் பாட்டியிடம் செயலி வழக்கமான நேரத்தை ஒப்பிக்காமல் இருக்கும்.

நீர்மட்டம் அதைவிடக் கவனம் வேண்டுவது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் தளம் நாடெங்கும் உள்ள ஆற்று நிலையங்களின் நீர்மட்டத்தைக் காட்டுகிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து என்ற நான்கு எல்லைகள் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. ஒரு நிலையத்தில் இயல்பான உயரம் இன்னொரு நிலையத்தில் ஆபத்தாக இருக்கும். 2017 நவம்பரில் பினாங்கும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும் மூழ்கியதைப் பார்த்தவர்கள் யாரும், 'மூன்று மீட்டர்' என்ற எண்ணை எல்லைகள் இல்லாமல் ஒரு செயலியிடம் கொடுக்கத் துணியமாட்டார்கள். அதனால் எங்கள் செயலியில் நீர்மட்டக் கேள்விகளுக்கு மாதிரி தானாக எதையும் எழுதுவதில்லை. துறை அறிவித்த நிலையை அப்படியே எடுத்துக்காட்டி, அது எந்த நேரத்து அளவீடு என்பதையும் சொல்லி நிறுத்திவிடும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்று கேட்பவர்களுக்காக: 2025ஆம் ஆண்டின் தரவுப் பகிர்வுச் சட்டம் அதே ஆண்டு ஏப்ரல் 28 முதல் நடப்பில் உள்ளது. அது கூட்டரசு அமைப்புகள் தங்களுக்குள் தரவைப் பகிர்ந்துகொள்வதற்கான சட்டம். பொதுமக்களுக்குத் தரவு கேட்கும் உரிமையை அது தருவதில்லை, மாநில அரசாங்கங்களையும் அது கட்டுப்படுத்தாது. நமக்கு அன்றாடம் வேண்டிய தரவுகளில் பாதி மாநகராட்சிகளிடமும் மாநிலத் துறைகளிடமும் இருக்கிறது. பினாங்கும் சிலாங்கூரும் ஏற்கெனவே தகவல் சுதந்திரச் சட்டத்தை இயற்றிய மாநிலங்கள். ஆனால் விண்ணப்பித்து ஓர் ஆவணத்தைப் பெறுவதும், ஒரு நிரல் நாள்தோறும் தானே படித்துக்கொள்ளும்படி தரவு நிலையான முகவரியில் இருப்பதும் வெவ்வேறு காரியங்கள். 2024 டிசம்பரில் தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகம் தொடங்கப்பட்டபோது பேசப்பட்டவற்றில் பெரும்பகுதி, கணினி ஆற்றல், முதலீடு, திறன் பயிற்சி பற்றியது. அடிக்குறிப்பு எழுதும் எழுத்தரைப் பற்றி யாரும் பேசியதாக என் காதில் விழவில்லை. அவருக்கான சம்பளம், ஒரு தரவு மையத்தின் மின்கட்டணத்தில் காணாமல் போகும் அளவுதான் இருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, செய்யக்கூடியது என்ன என்று ஒன்றை மட்டும் முன்வைக்கிறேன். ஒவ்வொரு தரவுக் கோப்போடும் ஒரு சிறு கேள்வித்தாளை வெளியிடலாம். பத்துப் பன்னிரண்டு கேள்விகள், அவற்றுக்கான சரியான விடைகள், விடைக்கு எந்த வரிகளை எடுக்க வேண்டும் என்ற விளக்கம். அவற்றில் இரண்டு மூன்று கேள்விகள் அந்தத் தரவால் பதில் சொல்ல முடியாதவையாக இருக்க வேண்டும். அவற்றுக்குச் சரியான விடை 'இந்தத் தரவில் இல்லை' என்பது. தரவைத் திரட்டிய அதிகாரிக்கு இதை எழுத அரை நாள் போதும், ஏனெனில் தொலைபேசியில் அவரிடம் மக்கள் எதையெல்லாம் தவறாகப் புரிந்துகொண்டு கேட்கிறார்கள் என்பது அவருக்கே தெரியும். செயலி கட்டுபவர்கள் தங்கள் மாதிரி அந்தத் தாளில் தேறுகிறதா என்று பார்த்துவிட்டு வெளியிடலாம். நெடுவரிசை விளக்கத்தை மேம்படுத்தினால் மதிப்பெண் கூடுகிறதா என்று துறையும் சோதித்துக்கொள்ளலாம். ஒரு தரவு பயன்படத்தக்கதா என்பதை இப்போது எத்தனை முறை இறக்கப்பட்டது என்று எண்ணித்தான் அளக்கிறோம். இறக்கியவர் சரியாகப் படித்தாரா என்பதை அது காட்டுவதில்லை.

தமிழில் இந்தக் கேள்விகளை எழுதும் வேலையை அரசாங்கம் செய்யும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நாங்கள் பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளின் பட்டியலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். பள்ளிக் குறியீட்டை வைத்துத் தேடினால் கிடைக்கும் எண்ணிக்கையும், பெயரை வைத்துத் தேடினால் கிடைக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்பது முதல் கேள்வி. பெயரில் 'லாடாங்' உள்ள பள்ளிகளில் எவை இன்னும் தோட்டத்துக்குள் இருக்கின்றன என்பது நான்காவது. அதற்குப் பட்டியலில் விடை இல்லை என்று எழுதி வைத்திருக்கிறோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் சிலர் அந்த விடையைத் தனித்தாளில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் அதைத் தனிக் கோப்பாக, யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்ற இரண்டு நெடுவரிசைகளோடு சேர்த்து வெளியிடுவோம்.